டோக்கமாக் பிளாஸ்மாவைக் காந்தத்தால் நிறுத்தி வைக்க: கட்டுப்பாட்டு மாடல் கட்டும் முழுமையான வழிகாட்டி

டோக்கமாக் என்பது மிகச் சூடான மின்னேற்ற வாயுவான பிளாஸ்மாவை வளைய வடிவக் கலத்துக்குள் காந்தப்புலத்தால் பிடித்து வைக்கும் அணு இணைவு இயந்திரம். அந்தப் பிளாஸ்மாவின் குறுக்குவெட்டை வட்டமாக விடாமல் மேலும் கீழும் இழுத்து நீளமாக்கினால், அதே டொராய்டல் (வளையத்தைச் சுற்றி ஓடும்) காந்தப்புலத்தில் கூடுதல் மின்னோட்டத்தை ஓட்டலாம், கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வைக்கலாம். அதனால்தான் 6.2 மீட்டர் பெரிய ஆரமும் (வளையத்தின் மையத்திலிருந்து பிளாஸ்மாவின் நடுவரை உள்ள தூரம்) 15 மெகா ஆம்பியர் பிளாஸ்மா மின்னோட்டமும் கொண்ட பன்னாட்டு டோக்கமாக்கான ஐட்டர் சுமார் 1.85 நீட்சியில் (குறுக்குவெட்டின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம்) வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள டிசிவி 0.88 மீட்டர் ஆரமே கொண்ட சிறிய இயந்திரம், ஆனால் 2.8 வரை நீட்சியை எட்டியிருக்கிறது. இந்த ஆதாயத்துக்கு ஒரு விலை உண்டு. நீட்டப்பட்ட பிளாஸ்மா செங்குத்துத் திசையில் நிலையாக நிற்காது. இம்மியளவு மேலே நகர்ந்தாலும், அதை நீட்டிப் பிடித்திருக்கும் அதே புலம் இன்னும் மேலே இழுக்கும். கட்டுப்பாடு இல்லையென்றால் சில மில்லி விநாடிகளில் சுவரில் மோதி அணைந்துவிடும்.

அதைத் தடுக்கும் கட்டுப்படுத்தியை வடிவமைக்கத் தேவையான மாடலை எப்படிக் கட்டுவது என்பதே இங்கே பேசப்போவது. மின்சுற்று, அணிக்கணிதம், பைத்தான் மூன்றும் ஓரளவு தெரிந்தவர்களுக்கானது இது. முதலிலேயே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுவது நல்லது: இந்த மாடல் சரியாக வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பிளாஸ்மா அல்ல, அதைச் சுற்றியிருக்கும் எஃகும் தாமிரமும்தான். புதிதாக வருபவர்கள் பிளாஸ்மா இயற்பியலில் மாதக்கணக்கில் மூழ்கிவிட்டு, வெற்றிடக் கலத்தின் மின்தடையை ஒரு தோராய எண்ணாகப் போட்டுவிடுகிறார்கள். கோட்டை விடுவது அங்கேதான்.

எதையெல்லாம் விட்டுவிடலாம்

பிளாஸ்மா மிக இலேசானது. அதன் நிறையை மட்டும் பார்த்தால் விசைச் சமநிலை குலைந்த பிளாஸ்மா மைக்ரோ விநாடிகளில் பாய்ந்துவிட வேண்டும். அருகில் கடத்தும் சுவர் இருப்பதால்தான் அப்படி நடப்பதில்லை. பிளாஸ்மா நகரும்போது சுவரில் சுழல் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அது பிளாஸ்மாவைத் திருப்பித் தள்ளுகிறது. சுவருக்கு மின்தடை இருப்பதால் அந்த மின்னோட்டம் மெல்லத் தேய்கிறது, அது தேயும் வேகத்தில் பிளாஸ்மாவும் நழுவுகிறது. எனவே நமக்கு வேண்டிய கால அளவு மில்லி விநாடி. பிளாஸ்மாவுக்குள் மின்னோட்டம் பரவி மறுபங்கீடு ஆவது அதைவிட மிக மெதுவாக நடக்கும்.

ஆகவே பிளாஸ்மாவின் நிறையைச் சுழியம் என்று வைத்து, அது ஒவ்வொரு கணமும் விசைச் சமநிலையில் இருப்பதாகக் கொள்ளலாம். உள் மின்தூண்டலையும் (மின்னோட்டம் நடுவில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதன் அளவு) போலாய்டல் பீட்டாவையும் (பிளாஸ்மாவின் அழுத்தத்துக்கும், குறுக்குவெட்டுத் தளத்தில் உள்ள போலாய்டல் புலத்தின் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம்) நிலை மாறிகளாக எடுக்காமல், வெளியிலிருந்து வரும் இடையூறுகளாக வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு எளிமைப்படுத்தல்களால் மாடல் முழுவதும் ஒரு மின்சுற்றுக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது.

உலோகத்தில் தொடங்குங்கள்

இயந்திர வரைபடத்திலிருந்து நான்கு பட்டியல்கள் எடுக்க வேண்டும்: போலாய்டல் சுருள்கள் (மையத்தின் ஆரம், உயரம், குறுக்குவெட்டின் அகலமும் உயரமும், சுற்றுகளின் எண்ணிக்கை, இணைப்பின் திசை), வெற்றிடக் கலமும் மற்ற கடத்தும் பாகங்களும், பிளாஸ்மா தொடக்கூடிய உட்சுவரின் கோடு, காந்த உணரிகளின் இடமும் கோணமும்.

கலத்தை அச்சைச் சுற்றிய மெல்லிய வளையங்களாக வெட்டுங்கள். 60 முதல் 100 வளையங்கள் போதும். ஒவ்வொரு வளையத்துக்கும்:

மின்தடை = 2π × ஆரம் × மின்தடை எண் ÷ குறுக்குப்பரப்பு

ஒன்றைக் கையால் போட்டுப் பார்க்கலாம். ஆரம் 1.1 மீட்டர், தடிமன் 10 மி.மீ., உயரம் 50 மி.மீ., பொருள் 316 வகைத் துருப்பிடிக்கா எஃகு (மின்தடை எண் சுமார் 7.4 × 10⁻⁷ ஓம் மீட்டர்) என்றால் மின்தடை சுமார் 10 மில்லி ஓம். அதே வளையத்தின் தன் மின்தூண்டல் சுமார் 6.2 மைக்ரோஹென்றி. இரண்டையும் வகுத்தால் 0.6 மில்லி விநாடி. தனி வளையத்துக்கே இவ்வளவு. எல்லா வளையங்களும் ஒன்றோடொன்று பிணைந்த முழுக் கலத்தின் மெதுவான முறைகள் (மின்னோட்டம் தேயும் தனித்தனி வடிவங்கள்) இதைப்போலப் பல மடங்கு நீளும். உங்கள் நிரல் முதலில் இந்த எண்களைத் தருகிறதா என்று பாருங்கள்.

தடிமன் திசையில் எத்தனை அடுக்கு வேண்டும் என்பதை மின்னோட்டம் ஊடுருவும் ஆழம் சொல்லும். 1 கிலோஹெர்ட்ஸில் எஃகில் அது சுமார் 14 மி.மீ., தாமிரத்தில் சுமார் 2 மி.மீ. அதனால் 10 மி.மீ. எஃகுச் சுவருக்கு ஓர் அடுக்கு போதும். தாமிரத் தகடுகளுக்குப் போதாது.

வளையங்களுக்கிடையேயான பரிமாற்று மின்தூண்டலுக்கு முழுமை நீள்வட்டத் தொகையங்கள் தேவை. சைபை நூலகத்தில் அவை தயாராக இருக்கின்றன. அங்கே ஒரு கண்ணி: அந்தச் சார்புகள் கேட்பது மட்டு எண்ணை (k) அல்ல, அதன் வர்க்கத்தை (k²). தவறாகக் கொடுத்தாலும் பிழைச் செய்தி வராது; பார்க்க நியாயமாகத் தெரியும் தவறான எண்தான் வரும். தொலைவில் உள்ள இரண்டு வளையங்களுக்குக் காந்த இருமுனைத் தோராயத்தோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

கலத்தில் துளைகள் இருக்கும் இடங்களில் மின்னோட்டம் சுற்றிப்போக வேண்டும், எனவே அங்கே மின்தடை கூடும். கலத்துக்குக் குறுக்கே மின்காப்பு இடைவெளி வைத்த இயந்திரங்களும் உண்டு. அப்படியானால் இடைவெளியைத் தாண்டி நிகர மின்னோட்டம் ஓடாது; எல்லா வளையங்களின் கூட்டுத்தொகை சுழியம் என்ற நிபந்தனையை அணியில் சேர்க்க வேண்டும். இதை மறந்தால் இல்லாத ஒரு பெரிய தடுப்பு மின்னோட்டம் மாடலில் ஓடும்.

பிளாஸ்மா இல்லாத ஷாட்டுகள்

இயந்திரத்தின் ஒவ்வோர் இயக்கமும் ஒரு ஷாட். வாயு ஏற்றாமல், ஒவ்வொரு சுருளாகத் தனித்தனியே மின்னழுத்தப் படி கொடுத்து, எல்லா உணரிகளையும் பதிவு செய்யுங்கள். அதே மின்னழுத்தத்தை மாடலுக்கும் கொடுத்து ஒப்பிடுங்கள். 1 முதல் 2 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகும் வரை அடுத்த கட்டத்துக்குப் போகவே வேண்டாம்.

பிழையின் தோற்றமே அதன் காரணத்தைச் சொல்லிவிடும். ஒரு சுருளுக்கு எல்லா உணரிகளும் ஒரே விகிதத்தில் தவறினால் சுற்றுகளின் எண்ணிக்கையோ மின்னோட்ட அளவியின் அளவுத்திருத்தமோ தவறு. குறி மாறியிருந்தால் இணைப்பு தலைகீழ். மின்னோட்டம் நிலையாக இருக்கும்போது ஒத்துப்போய், ஏறும்போது மட்டும் மாடல் முந்தினாலோ பிந்தினாலோ கலத்தின் மின்தடை தவறு. ஓரிரு உணரிகள் மட்டும் முரண்டினால் அவற்றின் கோணத்தைச் சந்தேகியுங்கள்.

கோண விஷயத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். போலாய்டல் புலத்தை அளக்கும் ஓர் உணரி டொராய்டல் திசை நோக்கி ஒரே ஒரு பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே டொராய்டல் புலம் 1.4 டெஸ்லா என்றால் அது தவறாகச் சேர்த்துக் காட்டும் புலம் சுமார் 240 காஸ். நாம் அளக்க விரும்பும் புலமே சில நூறு காஸ்தான்! ஆகவே டொராய்டல் சுருளை மட்டும் இயக்கும் ஷாட் ஒன்று கட்டாயம். அதில் ஒவ்வோர் உணரியும் காட்டும் அளவைப் பதிந்து, பின்னர் எல்லா ஷாட்டுகளிலிருந்தும் கழித்துவிட வேண்டும்.

சமநிலையைத் தீர்ப்பது

இப்போதுதான் பிளாஸ்மா வருகிறது. பிளாஸ்மாவின் அழுத்தமும் காந்த விசையும் சமப்படும் நிலையைத் தரும் கிராட்–ஷஃப்ரானோவ் சமன்பாட்டைக் கட்டற்ற எல்லையோடு தீர்க்க வேண்டும். அதாவது பிளாஸ்மாவின் எல்லை எங்கே என்பதும் விடையின் ஒரு பகுதி. பைத்தானில் திறந்த மூலநிரலான ஃப்ரீஜிஎஸ் கற்றுக்கொள்ள ஏற்றது. வலைக்கட்டம் 65 × 65 இல் தொடங்கி, முடிவுகளை 129 × 129 இல் உறுதிசெய்யுங்கள். அழுத்தத்துக்கும் டொராய்டல் புலத்துக்கும் இரண்டு மூன்று அளபுருக்கள் கொண்ட எளிய வடிவங்களே போதும். பிளாஸ்மா மின்னோட்டத்தையும் போலாய்டல் பீட்டாவையும் நிபந்தனையாகக் கொடுங்கள். வேண்டிய எக்ஸ் புள்ளியையும் (போலாய்டல் புலம் சுழியமாகும் இடம்) எல்லைப் புள்ளிகளையும் குறித்தால், சுருள் மின்னோட்டங்களைச் சிறும வர்க்க முறையில் நிரலே கண்டுபிடிக்கும். அவை எட்டாத உயரத்துக்குப் போகாதபடி ஒழுங்குபடுத்தும் எண்ணைச் சிறிதளவு கூட்டுங்கள்.

மூன்று இடங்களில் சிக்கல் வரும். முதலாவது, வழக்கமான பிக்கார்ட் மறுசுற்றில் (ஒரு சுற்றின் விடையை அடுத்த சுற்றுக்கு உள்ளீடாகக் கொடுக்கும் முறை) நீண்ட பிளாஸ்மா ஒவ்வொரு சுற்றுக்கும் சற்று மேலே ஏறி, கடைசியில் கட்டத்தை விட்டே போய்விடும். இது நிரலின் பிழை அல்ல. இயற்பியல் நிலையின்மையே கணக்கீட்டில் எட்டிப் பார்க்கிறது. வடிவ நிபந்தனைகளை ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் போட்டு அடக்கலாம். சுருள் மின்னோட்டங்களை நிலையாக வைத்து முன்னோக்கித் தீர்க்க நியூட்டன்–கிரைலோவ் முறைதான் சரி. இரண்டாவது, எல்லை உட்சுவரைத் தொடும் நிலையிலிருந்து எக்ஸ் புள்ளி நிலைக்குத் தாவும்போது விடை இங்குமங்கும் ஆடும். மூன்றாவது, குறி மரபு. காந்தப் பாயத்தை ரேடியனுக்கு எடுப்பதா முழுச்சுற்றுக்கு எடுப்பதா, கோணம் எந்தப் பக்கம் நேர்க்குறி என்பவற்றையெல்லாம் சேர்த்தால் 16 வகை மரபுகள் வரும். அவற்றுக்கு கோகோஸ் என்ற எண்முறை உண்டு. வேறொரு நிரலின் கோப்பை வாங்கியவுடன் முதல் வேலையாக அதன் கோகோஸ் எண்ணைப் பாருங்கள். 2π மடங்கு பிழை, நினைப்பதைவிட அதிகமாகவே நடக்கிறது.

கைக்கணக்கால் சரிபார்க்க வட்டப் பிளாஸ்மாவுக்கான ஷஃப்ரானோவ் வாய்பாடு போதும். குஜராத்தின் காந்திநகருக்கு அருகே பாட் என்ற ஊரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதித்யா டோக்கமாக் அளவிலான பிளாஸ்மாவை எடுங்கள்: பெரிய ஆரம் 0.75 மீட்டர், சிறிய ஆரம் (குறுக்குவெட்டின் ஆரம்) 0.25 மீட்டர், மின்னோட்டம் 100 கிலோ ஆம்பியர். போலாய்டல் பீட்டா 0.2, உள் மின்தூண்டல் 1 என்று வைத்தால் தேவைப்படும் செங்குத்துப் புலம் சுமார் 320 காஸ். உங்கள் நிரல் 10 விழுக்காட்டுக்குள் இதைத் தரவில்லையென்றால் எங்கோ ஒரு காரணி விட்டுப்போயிருக்கிறது.

நேரியலாக்கமும் வளர்வீதமும்

மாடலின் இதயம் ஒரே சமன்பாடு: ஒவ்வொரு கடத்தியையும் கடக்கும் மொத்தக் காந்தப் பாயத்தின் மாறும் வீதமும், அதன் மின்தடை தின்னும் மின்னழுத்தமும் சேர்ந்து, வெளியிலிருந்து கொடுக்கும் மின்னழுத்தத்துக்குச் சமம். மொத்தப் பாயத்தில் கடத்திகளின் பங்கும் உண்டு, பிளாஸ்மாவின் பங்கும் உண்டு. பிளாஸ்மாவின் பங்கு, கடத்திகளின் மின்னோட்டம் மாறும்போது எப்படி மாறுகிறது என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது.

ஒரு கடத்தியின் மின்னோட்டத்தைச் சிறிதளவு மாற்றி, சமநிலையை மீண்டும் தீர்த்து, எல்லாக் கடத்திகளிலும் பாயம் எவ்வளவு மாறியது என்று பாருங்கள். இதை எல்லாக் கடத்திகளுக்கும் செய்து கிடைக்கும் அணியை மின்தூண்டல் அணியோடு கூட்டினால் திருத்திய மின்தூண்டல் அணி கிடைக்கும். அதன் நேர்மாறை மின்தடை அணியோடு பெருக்கி எதிர்க்குறி போட்டால் அமைப்பின் அணி தயார். அதன் ஐகன் மதிப்புகளில் ஒன்று மட்டும் நேர்க்குறியாக இருக்க வேண்டும். அதுவே செங்குத்து நிலையின்மையின் வளர்வீதம்.

மாற்றத்தின் அளவை மிகச் சிறிதாக எடுத்தால் தீர்ப்பியின் பிழை மூழ்கடிக்கும், பெரிதாக எடுத்தால் நேரியல்பு போய்விடும். நேர்க்குறியிலும் எதிர்க்குறியிலும் மாற்றிப் பார்த்து, அளவைப் பாதியாக்கியும் வளர்வீதம் 1 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். இதற்குச் சமநிலை வழக்கத்தைவிட மிக இறுக்கமாகக் குவிய வேண்டும். கலத்தின் முறைகளைக் குறைத்து 20 அல்லது 30 மட்டும் வைத்துக்கொள்ளலாம். குறைத்த பின் வளர்வீதம் அசையவில்லை என்று உறுதிசெய்யுங்கள். இன்னொன்று: சுருள்களை மூடிய சுற்றாக வைத்துக் கணித்தீர்களா, மின்னோட்டம் மாறாதபடி வைத்துக் கணித்தீர்களா என்பதையும் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள். இரண்டுக்கும் விடை வேறு.

வளர்வீதத்தைப் புரிந்துகொள்ள ஓர் எளிய உறவு உதவும். சுவர் தள்ளும் விசையை, நிலைகுலைக்கும் விசையால் வகுத்து ஒன்றைக் கழித்தால் நிலைத்தன்மை விளிம்பு. வளர்வீதம் ஏறத்தாழ 1 ÷ (சுவரின் காலம் × விளிம்பு). சுவரின் காலம் 5 மில்லி விநாடி, விளிம்பு 0.5 என்றால் வளர்வீதம் விநாடிக்கு 400. விளிம்பு 0.2 ஆகக் குறைந்தால் 1000. நீட்சியைக் கொஞ்சம்தான் கூட்டினோம், எப்படி இவ்வளவு எகிறியது என்ற வியப்புக்கு விடை இதுதான்.

இதே உறவு பேராபத்தான ஒரு பொறியையும் காட்டுகிறது. விளிம்பு சுழியத்தை நெருங்கும்போது வளர்வீதம் முடிவிலிக்குப் போகும். சுழியத்தைத் தாண்டியதும் குறி மாறிவிடும். அதாவது சுவரால் பிடிக்கவே முடியாத, மைக்ரோ விநாடிகளில் பாயும் பிளாஸ்மாவை, நிறையற்ற இந்த மாடல் ‘நிலையானது’ என்று சொல்லிவிடும். நேர்க்குறி ஐகன் மதிப்பு இல்லையென்றால் நிம்மதி அடையாதீர்கள். வட்டப் பிளாஸ்மாவில் தொடங்கி நீட்சியைப் படிப்படியாகக் கூட்டி, வளர்வீதத்தை வரைபடமாக்குங்கள். முதலில் எதிர்க்குறி, பிறகு சுழியத்தைக் கடந்து ஏற்றம், பிறகு செங்குத்தான பாய்ச்சல்: உங்கள் வடிவம் இந்தக் கோட்டில் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகே அந்த எண்ணை நம்பலாம்.

மின்வழங்கியும் தாமதமும்

வளர்வீதத்தையும் மொத்தத் தாமதத்தையும் பெருக்கிப் பாருங்கள். விடை 1 ஐ எட்டினால் எளிய விகிதக் கட்டுப்பாட்டால் கொள்கையளவிலேயே நிறுத்த முடியாது. நடைமுறையில் 0.3 ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. கட்டுப்படுத்தி 10 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் கணக்கீட்டுக்கு 0.1, கட்டளையைப் பிடித்து வைப்பதால் சராசரியாக 0.05, மின்பெருக்கிக்கு 0.25 மில்லி விநாடி என மொத்தம் 0.4 என்று கொள்ளுங்கள். வளர்வீதம் 400 என்றால் பெருக்கல் 0.16, சமாளிக்கலாம். 1000 என்றால் 0.4, கஷ்டம்.

தைரிஸ்டர் மின்வழங்கி இன்னும் மெதுவானது. 50 ஹெர்ட்ஸில் 12 துடிப்பு வகை விநாடிக்கு 600 முறைதான் கட்டளையை ஏற்கும். இரண்டு துடிப்புகளுக்கிடையே 1.67 மில்லி விநாடி. போதாக்குறைக்கு மின்னோட்டம் சுழியத்தைக் கடக்கும்போது தடுமாறும். இவற்றையெல்லாம் தாமதம், வரம்பு, சுழியத் தடுமாற்றம் என்று மாடலில் எழுதியே ஆக வேண்டும். கலத்துக்கு வெளியே உள்ள சுருளின் புலம் சுவரைத் துளைத்து உள்ளே வரவும் நேரமாகும். வேகமான பணிக்குக் கலத்துக்குள்ளேயே சுருள் வைப்பது இதனால்தான். டிசிவியில் அப்படி இருக்கிறது, ஐட்டரும் வடிவமைப்பு மறுஆய்வுக்குப் பின் உட்சுருள்களைச் சேர்த்துக்கொண்டது.

மின்னழுத்த வரம்பு போதுமா என்று பார்க்க ஒரு சோதனை: சிமுலேஷனில் கட்டுப்பாட்டை அணைத்து, பிளாஸ்மாவைக் கொஞ்சம் நழுவவிட்டு, பிறகு முழு மின்னழுத்தத்தைக் கொடுங்கள். திருப்பிக் கொண்டுவர முடிந்த அதிகபட்ச நழுவலைச் சிறிய ஆரத்தால் வகுத்தால் 5 விழுக்காடு குறைந்தபட்சம், 10 விழுக்காடு என்றால் தைரியமாக இயக்கலாம். எந்தப் பெருக்கத்தை வைத்தாலும் இதைத் தாண்ட முடியாது. வன்பொருளின் எல்லை இது.

அளப்பதும் கட்டுப்படுத்துவதும்

வேகமான செங்குத்துக் கட்டுப்பாட்டை ஒரு சுற்றாகவும், மின்னோட்டமும் வடிவமும் சேர்ந்த மெதுவானதை இன்னொரு சுற்றாகவும் பிரியுங்கள். முதலாவதுக்கு உயரத்தைவிட, பிளாஸ்மா மின்னோட்டத்தையும் உயரத்தையும் பெருக்கிய அளவே ஏற்றது. அதை உணரிகளின் எடையிட்ட கூட்டலாக நேரடியாக எடுக்கலாம். எடைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, சுருள்களும் கலமும் தரும் புலத்துக்கு அந்தக் கூட்டல் அசையாதபடி பாருங்கள். இல்லையென்றால் கட்டுப்படுத்தி தன் செயலையே பிளாஸ்மாவின் நகர்வாக எண்ணிப் பதில் கொடுத்து அலைவில் மாட்டிக்கொள்ளும்.

உணரி தருவது புலத்தின் மாறும் வீதம். அதைத் தொகைப்படுத்தும்போது சிறு விலகலும் நேரத்தோடு வளரும். நிமிடக்கணக்கில் ஓடும் மீக்கடத்தி இயந்திரங்களில் இது பெரும் தலைவலி. வகைக்கெழுப் பகுதியின் பெருக்கத்தை ஏற்றினால் மின்வழங்கியின் சிற்றலையும் சேர்ந்து ஏறும். வடிகட்டி போட்டால் தாமதம் கூடும். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நேரியல் மாடலில் தேறிய கட்டுப்படுத்தியை நேரிலா சிமுலேஷனில் வதைத்துப் பாருங்கள். போலாய்டல் பீட்டாவை ஒரே கணத்தில் 0.1 அல்லது 0.2 குறையுங்கள். உள் மின்தூண்டலை ஏற்றுங்கள்: மின்னோட்டம் நடுவில் குவிந்தால் சுவரிலிருந்து விலகும், வளர்வீதம் கூடும். 2022 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டும் லோசான் குழுவும் வெளியிட்ட ஆய்வில், வலுவூட்டல் கற்றல் வழியே பயிற்சி பெற்ற ஒரே நரம்பு வலையமைப்பு டிசிவியின் 19 சுருள்களையும் 10 கிலோஹெர்ட்ஸில் இயக்கியது. அதற்கும் அடித்தளம் இங்கே சொன்னதே: கட்டற்ற எல்லைச் சமநிலையோடு பிணைந்த சுற்றுச் சமன்பாடுகள், மின்வழங்கியின் தாமதம், உணரியின் இரைச்சல். துல்லியமாகத் தெரியாத பிளாஸ்மா அளபுருக்களைப் பயிற்சியின்போது மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மாடல் தவறாக இருந்தால் கற்றுக்கொள்ளும் வலையமைப்பு அந்தத் தவறையும் சேர்த்தே கற்கும்.

உண்மை ஷாட்டோடு ஒப்பிடுதல்

நிலையான கட்டத்தில் செங்குத்துக் கட்டுப்பாட்டைச் சில மில்லி விநாடிகள் அணைத்து, உயரத்தின் மடக்கையை நேரத்தோடு வரையுங்கள். நேர்கோட்டின் சாய்வே வளர்வீதம். எவ்வளவு நேரம் அணைக்கலாம் என்பதை மேலே சொன்ன நழுவல் எல்லையிலிருந்து முன்கூட்டியே கணித்து, அதில் பாதிக்கு மேல் போகாதீர்கள். சுவரில் மோதும் பிளாஸ்மா கலத்தின் வழியே ஒளிவட்ட மின்னோட்டங்களைப் பாய்ச்சி, பாகங்களை வளைக்கும் விசைகளை உண்டாக்கும். கோட்டின் தொடக்கத்தில் வளைவு இருந்தால் வேகமான கலமுறைகள் இன்னும் அடங்கவில்லை; அந்தப் பகுதியை விட்டுப் பொருத்துங்கள்.

அளந்ததும் கணித்ததும் வேறுபட்டால் தேட வேண்டிய வரிசை இது: முதலில் அந்தக் கணத்தின் உள் மின்தூண்டல், அடுத்து கலத்தின் மின்தடை (சூடேற்றிய கலத்தில் எஃகின் மின்தடை கூடியிருக்கும்), பிறகு சுருள்கள் மூடிய சுற்றா இல்லையா என்ற அனுமானம், கடைசியாகப் பிளாஸ்மாவைத் திடப்பொருளாக எடுத்தீர்களா உருமாற விட்டீர்களா என்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு ஷாட்டுக்குப் பொருத்திய எண், வேறு நீட்சியில் எடுத்த இரண்டாவது ஷாட்டுக்கும் பொருந்தினால்தான் அதை மாடலில் நிலையாகச் சேர்க்கலாம்.